எந்த டிக்கெட்டைக் கிழிக்க?

ஐம்பத்தேழாவது வயதில் தன்னைத் திருநங்கை என்று வெளியே சொன்ன ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு இது. அவருக்குப் புனைபெயர் ஒன்று வைத்துக்கொள்ளட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "எனக்கு நானே ஒரு பேரு வைக்க அம்பத்தேழு வருசம் ஆச்சு. நீங்க அஞ்சு நிமிசத்துல இன்னொண்ண வச்சிருவீயளோ?" என்றார். நியாயம்தான். அதனால் வழியோரத்து ஊர்க்காரர்கள் முப்பது வருடங்களாக அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே எழுதுகிறேன்: கண்டக்டர். அந்தச் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. தமிழில் 'அவர்' என்று ஒரு சொல் இருப்பது அதைவிடப் பெரிய வசதி.

பாளையங்கோட்டையில் நான் சட்ட உதவித் தன்னார்வலனாக இருந்தபோது, 2021 ஆகஸ்டில் அவர் வந்தார். பேண்ட், வெளிறிய சட்டை, முகக்கவசம், தலையில் சுற்றிய துண்டு, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. நான் எழுந்து, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. துண்டை அவிழ்த்தார். நரையும் கறுப்புமாகத் தோள் வரை முடி. "அண்ணாச்சி இல்ல தம்பி. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார். திருநெல்வேலிச் சீமையில் வயதில் மூத்த ஆணைப் பார்த்ததும் வாயில் வருகிற முதல் சொல் அண்ணாச்சி. யோசித்துச் சொல்வதில்லை. அவருடைய சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை நான் கதவைத் திறந்தவுடனேயே காட்டிக் கொடுத்துவிட்டேன்.

பின்னணி

1964இல் பிறந்தவர். ஊர் சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், வாய்க்காலை ஒட்டிய சிற்றூர். அப்பா சிறுவயதிலேயே காலமாகிவிட்டார். அம்மாவும் அக்காவும் பீடி சுற்றினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இலை வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நுனி மடக்குவது, நூல் கட்டுவது எல்லாம் பத்து வயதில் கைக்கு வந்துவிட்டன. அதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு மாமா, "பொட்டப்பிள்ளைக மாதிரி தட்டு வச்சிக்கிட்டு இருக்கான்" என்று தட்டை எத்திவிட்டார். அன்றைக்குச் சிதறிய தூளை அள்ளியதைத்தான் அவர் தன் கதையின் தொடக்கமாகச் சொல்கிறார். உள்ளே ஏதோ வேறாக இருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரியும். அதை வெளியே காட்டக்கூடாது என்று புரிந்தது அன்றைக்குத்தான்.

1987இல் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம். மீசை வைத்தார். நல்ல மீசை என்று ஊரே சொன்னது. 1992இல் கல்யாணம். மனைவியும் பீடி சுற்றுகிறவர். ஒரு மகள். 2018இல் அவளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தார்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு இருபது வருடத்துக்கும் மேலாக நேர்ந்துகொண்டு போனார். விரதம் இருந்து, காப்புக் கட்டி, குறத்தி வேஷம். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஆண்கள் பெண் வேஷம் கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் நடப்பது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் இந்த ஆய்வின் முதல் வரைவில், 'அந்தப் பத்து நாள்தான் அவருக்கு நிஜம், மிச்ச நாளெல்லாம் வேஷம்' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அடித்துவிட்டார். "குலசையில கட்டுனதும் வேசந்தான். அது அம்பாளுக்கு. சேலை கட்டி நிக்கும்போதுதான் எனக்குப் பயம் கூட இருக்கும், யாராவது கண்டுபிடிச்சிருவாகளோன்னு. கூட வந்தவன்லாம் சிரிச்சிக்கிட்டே கட்டுவான். எனக்குச் சிரிப்பு வராது." என்னைப் போல வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது என்பதற்காக இதை விடாமல் பதிவு செய்கிறேன்.

ஏன் இவ்வளவு தாமதம்

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். டாக்டர் கேட்டார், அலுவலர் கேட்டார், நானும் கேட்டேன். முதலில் அவர் சொன்ன காரணம் தெரியாமைதான். தன்னைப் போன்றவர்களுக்கு ஊரில் இருந்த சொற்கள் எல்லாம் வசவுகள். 2008இல் தமிழ்நாடு அரசு இந்தியாவிலேயே முதலாவதாக ஒரு நல வாரியம் அமைத்ததையும், 'திருநங்கை' என்ற சொல் செய்தித்தாளில் வழக்கமானதையும் அவர் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தவர். அதிகாலை 4.35க்கு ஜங்ஷனில் எடுக்கும் முதல் நடையில் பேப்பர் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். 2014 ஏப்ரல் 16 காலையில், பாலினத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் முந்தைய நாள் சொன்ன தீர்ப்பு அந்தக் கட்டில் இருந்தது. கல்லிடைக்குறிச்சியில் கட்டை இறக்கும்போது ஒரு பேப்பரைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார். ஜவுளிக்கடைப் பையில் மடிப்புக் கிழிந்துபோய் அது இருந்தது.

சரி, தெரிந்த பிறகும் ஏன் ஆறு வருடம்? மகள் கல்யாணம். அப்புறம் அம்மா. "அம்மைக்குக் கொள்ளி வைக்க ஒரு மகன் வேணும்லா? நாந்தான ஒத்த ஆம்பளப் பிள்ளை." அம்மா 2020 தை மாதம் இறந்தார். மகனாக நின்று மொட்டை போட்டு, மீசை எடுத்து, கொள்ளி வைத்தார். மீசை போனதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை, தாய் இறந்தவன் எடுத்துத்தான் ஆகவேண்டும். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. மீசை திரும்ப வளரும் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் வளர்க்கவில்லை. இரண்டு மாதத்தில் ஊரடங்கு. பஸ் நின்றது. எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டார்கள். மொட்டைத் தலையில் முடி வளர்ந்தபோது கேட்க ஆளில்லை, சலூனும் திறக்கவில்லை.

இவரைப் போல வயதான பிறகு மாறிய வேறு மூன்று பேரைச் சந்தித்திருக்கிறேன். மூவருமே பெற்றோர் சாவையும் பிள்ளைகள் கல்யாணத்தையும் கணக்குப் போட்டுக் காத்திருந்தவர்கள்தான். இதைத் தைரியக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடமையைக் கழித்துவிட்டு வருகிறார்கள், பாக்கி இல்லாமல்.

நான் செய்த தவறு

இந்த வழக்கில் பெரிய சேதம் என்னால் வந்தது. 2021 அக்டோபரில், விண்ணப்பம் சம்பந்தமாக அவர் கைப்பேசிக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கு அவர் தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருந்தார். போன் ஹாலில் சார்ஜில் கிடந்திருக்கிறது. எடுத்தது மருமகன். நான் அவருடைய புதிய பெயரைச் சொல்லி, "அம்மா இருக்காங்களா? திருநங்கை சான்றிதழ் விஷயமா பேசணும்" என்றேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. மகளுக்கு அதுவரை தெரியாது. மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

மகள் ஏழு மாதம் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது கண்டக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சில்லறை கொடுக்கும்போது கை தவறுத மாதிரிதான், எடுத்துக்கிடலாம்" என்றார். எடுத்துக்கொள்ள முடியாத சில்லறை அது. அன்றிலிருந்து யார் வந்தாலும், கோப்பின் முதல் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதிப் பதில் வாங்குகிறேன்: போனை வேறு யாராவது எடுத்தால் நான் யாரைக் கேட்க வேண்டும், என்ன வேலையாக என்று சொல்ல வேண்டும்?

மகள் 2022 மே மாதத்தில் தானாக வந்தாள். ஒப்பந்தம் போல ஒன்று ஏற்பட்டது. வீட்டுக்குள் 'அப்பா'தான். தூத்துக்குடியில், மாமியார் வீட்டுத் தெருவில், 'அப்பா கூடப் பிறந்த அத்தை'. இதை ஒரு ஏமாற்று என்று நான் நினைத்தேன். கண்டக்டருக்கு அது பிடித்திருந்தது. "அத்தைன்னு கூப்பிடும்போது நல்லாத்தான் இருக்கு" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

மனைவி

என் கோப்பில் 'உதவி நாடியவர்' என்று ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அந்த அம்மாவுக்கு இடம் இல்லை. நாலாவது சந்திப்பில்தான் அவரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று எனக்குப் புத்தி வந்தது.

அவர் பீடித் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். இலை சுருண்டுகொண்டே இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடமே ஏதோ இருக்கிறது என்று தெரியும் என்றார். குடி இல்லை, அடி இல்லை, சம்பளம் வீட்டுக்கு வந்தது. "அக்கம்பக்கத்துல எல்லாவளும் வாங்குன அடியப் பாத்துட்டு, நமக்கு இது பரவாயில்லன்னு இருந்துட்டேன்." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவுக எனக்கு மொதல்லயே சொல்லிருக்கணும். நான் யார்ட்டயும் சொல்லிருக்க மாட்டேன்" என்றார். மாறியதில் அவருக்குக் கோபம் இல்லை. முப்பது வருடம் தன்னை நம்பவில்லையே என்பதில்தான்.

'என்னங்க' என்றுதான் இன்றும் கூப்பிடுகிறார், 'அவுக' என்றுதான் பேசுகிறார். மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வெளியே ஒரு விநோதமான சிக்கல். தெருவில் இதுவரை 'கண்டக்டரம்மா' என்றால் இந்த அம்மாதான், கண்டக்டர் வீட்டு அம்மா என்ற பொருளில். இப்போது சிலர் கண்டக்டரையே அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் இரண்டு கண்டக்டரம்மா. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கூப்பிட்டால் யார் திரும்புவது?

அவர் என்னிடம் கேட்ட சட்டக் கேள்வி ஒன்றே ஒன்று: எங்க கல்யாணம் செல்லுமா? 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டம் திருமணம் பற்றிப் பேசவே இல்லை. அதே 2019 ஏப்ரலில், தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். ஆனால் அது புதிதாகக் கட்டிக்கொள்கிறவர்களுக்கு. ஏற்கனவே நடந்த கல்யாணத்தில் கணவர் பெண்ணானால்? உங்களில் யாராவது பிரிய விரும்பி மனுப் போடாதவரை சான்றிதழ் வாங்குவதால் மட்டும் கல்யாணம் கலைந்துவிடாது என்று சொன்னேன்.

"அது சரி. வளைகாப்புக்குப் போனா எனக்கு மஞ்சள் குங்குமம் குடுக்கலாமா வேண்டாமான்னு அவளுவ ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காளுவளே, அதுக்கு என்ன சட்டம்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாலி கழுத்தில்தான் இருக்கிறது. சிலர் குங்குமம் கொடுக்கிறார்கள். சிலர் தட்டை நீட்டிவிட்டு, நீயே எடுத்துக்கோ என்று விட்டுவிடுகிறார்கள்.

உடம்பு

சுருக்கமாக. வந்தபோது அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை, மூன்று மாதச் சராசரி 9.4. ரத்த அழுத்தம் உண்டு. முப்பது வருடம் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. இந்த லட்சணத்தில், யாரோ சொன்னார்கள் என்று எட்டு மாதமாக மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி இஷ்டத்துக்கு விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த மாத்திரைகளில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் ரத்தக்கட்டி உண்டாக்கக் கூடியது. வயதும் புகையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். கட்டி காலில் உருவாகி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. மதுரையில் பார்த்த ஹார்மோன் டாக்டர் அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முதலில் மாத்திரையை நிறுத்து, பீடியை நிறுத்து, சர்க்கரையைக் குறை, அப்புறம் பேசலாம்.

மனநல மருத்துவரிடமும் போனார்கள். பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இதை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் என்ற தனிப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டரே அதை அவருக்கு விளக்கியிருக்கிறார்.

ஆறு மாதத்தில் சர்க்கரை 7.6க்கு வந்தது. பீடியை விட்டது அவருக்கே ஆச்சரியம், வீட்டில் மனைவி நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும்போது. பிறகு தோலில் தடவும் ஜெல்லாகக் குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் தொடங்கினார்கள். தோல் வழியாகப் போனால் கட்டி அபாயம் குறைவு என்பதால் இந்த வயதில் அதைத்தான் விரும்புகிறார்கள். கூடவே ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை, அதற்காகப் பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை. குரல் மாறாது, எலும்பு மாறாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். குரல்தான் அவருக்கு வருத்தம். "ஏறு ஏறு, உள்ள போ" என்று கத்திக் கத்தித் தடித்த குரல்.

தாடிக்கு லேசர் என்று நகரத்தில் ஒரு கடையில் நாலு தடவை போய்க் காசு கட்டினார். கறுப்பு முடி உதிர்ந்தது. வெள்ளை முடி அப்படியே நின்றது. லேசர் முடியின் கருநிறத்தைத்தான் பிடிக்கும், நரைத்த முடியில் அதற்கு வேலை இல்லை. ஊசி முனையில் மின்சாரம் பாய்ச்சி ஒவ்வொரு வேராகச் சுடும் முறைதான் நரைக்குப் பலன் தரும். காசு வாங்குவதற்கு முன் கடையில் இதைச் சொல்லவில்லை. ஐம்பதுக்கு மேல் மாறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இப்போது மனைவியே பக்கத்துத் தெருப் பெண்ணிடம் திரெட்டிங் கற்றுக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துவிடுகிறார். "நூலுக்கு நம்ம வீட்ல என்ன பஞ்சமா?" பீடி கட்டுகிற நூல்தான்.

அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார். அது கைவிட்ட ஆசையா தள்ளிப்போட்ட ஆசையா என்று நான் துருவவில்லை.

சொந்தம் இல்லாத சொந்தம்

பாளையங்கோட்டையில் இருந்த திருநங்கையர் குழு ஒன்றில் அவரை அறிமுகப்படுத்தினேன். வரவேற்பு நான் நினைத்தது போல் இல்லை. ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "எங்கள எல்லாம் பதினஞ்சு வயசுல அடிச்சுத் துரத்துனாங்க. நீங்க ஆம்பளையா இருந்து சம்பளம் வாங்கி, வீடு கட்டி, பிள்ளை பெத்து, எல்லாம் அனுபவிச்சுட்டு இப்ப வர்றீங்க." கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. ஆனால் முழு உண்மை இல்லை.

மூன்றாவது தடவை போனபோது ஒருவர், திருநங்கையரிடையே உள்ள வழக்கப்படி, அவரை மகளாக எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு வயது 36, மகளுக்கு 57. பண்டிகைக்கு மகள்தான் அம்மா காலில் விழ வேண்டும். மகளுக்கு முழங்கால் வலிக்கும் என்று அம்மா விழவிடுவதில்லை.

தாள்கள்

இங்கேயும் என் தவறு ஒன்று உண்டு. பெயரை முதலில் அரசிதழில் மாற்றிவிடலாம் என்று நான் சொல்லி, மூன்று மாதமும் காசும் வீணாயின. அப்போது இருந்த 2020 விதிகளின்படி அது தேவையே இல்லை. மாவட்ட ஆட்சியருக்கு இணையதளம் வழியாக விண்ணப்பமும் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்தால், 30 நாளில் புதிய பெயரோடு சான்றிதழும் அட்டையும் தர வேண்டும் என்று இருந்தது. டாக்டர் சீட்டு அப்போது தேவைப்படவில்லை. அந்தச் சான்றிதழை வைத்தே ஆதாரில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற முடிந்தது. மற்ற ஆவணங்களில் விண்ணப்பித்த 15 நாளில் மாற்றித்தர வேண்டும் என்பதும் விதியில் இருந்தது. 'பெண்' என்றே குறிக்க வேண்டுமானால்தான் பாலின மாற்றச் சிகிச்சைக்கான மருத்துவச் சான்றோடு இன்னொரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. இவர் அது போடவில்லை. அவர் அட்டையில் இருப்பது திருநங்கை.

விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது, இரண்டுமே இனிஷியல் தகராறு. 2022 பிப்ரவரியில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் அட்டை கைக்கு வந்தது. வெளியே வந்து ஆற்றுப் பாலத்தில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா இல்ல" என்றார்.

பி.எஃப். மட்டும் இழுத்தது. பழைய பெயரும் ஆதாரும் ஒத்துப்போகாததால் முதலாளி கையெழுத்தோடு கூட்டு உறுதிமொழி கேட்டார்கள். பஸ் முதலாளி இறந்து, பெர்மிட் கை மாறியிருந்தது. முதலாளி மகனைத் தேடிப் பிடித்தோம். அவர் கண்டக்டரை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அப்பா இருந்தா ரொம்பச் சங்கடப்பட்டிருப்பாரு" என்றார். கண்டக்டர் பதிலுக்கு, "உங்கப்பாவுக்கு நான் ஒரு நாள்கூட ஒரு ரூவா கணக்குக் குறையாமக் கட்டிருக்கேன்" என்றார்.

கொடை

2022இல் அம்மன் கோயில் கொடை வந்தது. எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவைக் கொடை என்போம். கொரோனாவுக்குப் பிறகு முதல் கொடை என்பதால் பெரிதாக நடத்த முடிவு. வரி பிரிக்க நோட்டோடு இரண்டு பேர் வந்தார்கள். அந்த ஊரில் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிற கோயில் வரி, ஆண் பெயரில்தான். ஆண் இல்லாத வீட்டுக்கு அரை வரி. இந்த வீட்டுக்கு எது?

ஒருவர் முழு வரி என்றார், பழைய பெயரில். கண்டக்டர் முழு வரி தருகிறேன், புதிய பெயரில் எழுது என்றார். எழுத முடியாது, வரி நோட்டு வழக்கத்தை மாற்றினால் நாளைக்குப் பெண்கள் எல்லாம் பங்கு கேட்பார்கள் என்றார் மற்றவர். (நியாயமான பயம்தான், ஒரு நாள் கேட்கத்தான் போகிறார்கள்.) அப்படியானால் மனைவி பெயரில் அரை வரி எழுது என்றார். அதற்கும் ஒப்பவில்லை, ஆள் உயிரோடு இருக்கும்போது எப்படி அரை வரி? இரண்டு வாரம் கமிட்டியில் பேச்சு ஓடியது. நான் சட்டம் பேசப் போகட்டுமா என்றேன். வராதீங்க என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கொடைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், வரி நோட்டு இருந்த மேஜையைத் தாண்டி, அன்பளிப்பு எழுதுகிற மேஜையில் 1,001 ரூபாய் வைத்தார். அன்பளிப்புக்கு ஆண் பெண் கணக்கு கிடையாது, யார் பெயரும் எழுதலாம். எழுதிய பையனுக்கு யோசிக்கத் தோன்றவில்லை, சொன்ன பெயரை எழுதிவிட்டான். அன்பளிப்பு என்றால் மைக்கில் வாசிக்க வேண்டும். ராத்திரி வில்லுப்பாட்டு இடைவேளையில், ஊர் முழுக்க நாலு திசையிலும் கட்டியிருந்த குழாயில் அவர் பெயர் வந்தது. வாசித்தவர் ஒரு கணம் நிறுத்தி, "நம்ம கண்டக்டர்" என்று சேர்த்துக்கொண்டு, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் கணியான் கூத்து. பெண் வேஷம் கட்டிய இருவர் ஆட, ஊர் விடிய விடியப் பார்த்தது. கண்டக்டர் பெண்கள் பக்கம் அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு எழுபது வயது. தம்பியை வாழ்நாள் முழுக்க 'ஏல' என்றே கூப்பிட்டவர். ஆண் என்றால் 'ஏல', பெண் என்றால் 'ஏளா', எங்கள் ஊரில் நடுவில் ஒன்றும் கிடையாது. மாற்றம் தெரிந்த நாளிலிருந்து அவர் எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை, கையைத் தட்டுவார். அன்றைக்கு இரவில் தண்ணீர் கேட்டு, கண்டக்டரின் மனைவியைப் பார்த்து "ஏளா" என்றார். இரண்டு பேரும் திரும்பினார்கள். கண்டக்டரிடம்தான் செம்பு இருந்தது. அவர் கொடுத்தார், அக்கா வாங்கிக் குடித்தார். அப்புறம் கைதட்டல் குறைந்துவிட்டது என்கிறார்கள்.

பஸ்

2021இல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அடுத்த மாதமே திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நீட்டித்தார்கள். கட்டணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக. அட்டை வந்த அந்த வாரம் சேரன்மகாதேவியில் அவர் சேலை கட்டி முதல் முறையாக டவுன் பஸ்ஸில் ஏறினார். நானும் கூட இருந்தேன். அந்த பஸ்ஸின் கண்டக்டர், இவருக்கு நன்றாகத் தெரிந்தவர். முன்பு அவர் அந்த வழியில் நீண்ட தூரப் பஸ்ஸில் இருந்தபோது டைம் தகராறில் இருவரும் அம்பாசமுத்திரம் ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துக்கொண்ட கதை ஊரறிந்தது.

அவர் டிக்கெட் கட்டோடு வந்து நின்றார். பார்த்தார். கை மகளிர் டிக்கெட்டுக்குப் போனது, நின்றது, அடுத்த கட்டுக்குப் போனது. பிறகு, ஒரு கண்டக்டர் இன்னொரு கண்டக்டரிடம் கேட்கிற தொனியில், மெதுவாகக் கேட்டார்: "எதக் கிழிக்க?"

நான் அவமானம் என்று நினைத்து வாயைத் திறக்கப் போனேன். இவர் அட்டையை எடுத்துக் காட்டி, "அட்டைல இருக்கதக் கிழியும். செக்கர் ஏறுனா உமக்குத்தான மெமோ?" என்றார்.

"சரிவே" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஆணைத்தான் 'வே' போட்டுப் பேசுவோம். கிழித்துக் கொடுத்தார்.

இறங்கிய பிறகு, அந்த 'வே' வருத்தமாக இருந்ததா என்று கேட்டேன். "முப்பது வருசச் சண்டை தம்பி, ஒரு டிக்கெட்ல போயிருமா" என்றார். அன்று பஸ்ஸில் இடதுபக்கம் பெண்கள் சீட்டில் இடம் இருந்தது. அவர் உட்காரவில்லை. பின் படிக்கட்டுக்குப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கண்ணால் எண்ணிக்கொண்டே வந்தார். உட்கார்ந்து வர மூன்று மாதம் ஆனது, அதுவும் டாக்டர் காலைப் பார்த்துத் திட்டிய பிறகு.

தற்போதைய நிலை

இந்த ஆய்வை எழுதி முடிக்கும்போது பி.எஃப். பணம் வந்துவிட்டது, ஓய்வூதியம் வரவில்லை. சர்க்கரை மறுபடி எட்டைத் தொட்டிருக்கிறது, பேரன் பிறந்தநாள் இனிப்பு காரணம். மருமகன் போனில் பேசுகிறார், நேரில் கண்ணைப் பார்ப்பதில்லை. கண்டக்டர் மனைவியோடு திண்ணையில் தட்டு வைத்துப் பீடி சுற்றுகிறார். பத்து வயதில் கற்றது மறக்கவில்லை, ஆனால் வேகம் பாதிதான். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து உட்காருகிற அந்தத் திண்ணையில் அவர் கட்டுகள் தளர்வாக இருக்கின்றன என்று தினமும் கேலி நடக்கிறது. பீடிக் கடையில் கழித்துப் போடுகிறார்கள், அது நிஜமான பிரச்சினை.

வரைவை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் திருத்தினார். முதலாவது, குலசை. இரண்டாவது, மனைவி பேசிய பகுதியில் ஒரு வரியை எடுக்கச் சொன்னார், அது அந்த அம்மாவின் வரி, அவரிடம் கேளுங்கள் என்றேன். அந்த அம்மா இருக்கட்டும் என்றார், இருக்கிறது. மூன்றாவது, முதல் நடை ஜங்ஷனில் 4.40க்கு எடுக்கும் என்று நான் எழுதியிருந்தேன்.

"4.35" என்றார் கண்டக்டர். "4.40 கவர்மெண்டு வண்டி. அந்த அஞ்சு நிமிசத்துக்குத்தான சண்டையே."